முட்டி டயர் அல்ல

"அறுபது தாண்டியாச்சு, இனிமே ஓடியாடினா முட்டி தேஞ்சிடும்." பெரியபாளையம் சாலையோர டீக்கடையில், பொன்னேரி மின்சார ரயிலில், மருந்துக்கடை வாசலில், கல்யாணப் பந்தியில் என்று ஆரணி வட்டாரத்தில் இந்த வாக்கியம் ஒலிக்காத இடம் இல்லை. (பட்டுக்குப் பேர்போன ஆரணி அல்ல இது. திருவள்ளூர் மாவட்டத்தில், அதே பெயருள்ள ஆற்றை ஒட்டி இருக்கும் பேரூராட்சி.) இதைச் சொல்பவர் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. எதிரில் நிற்கும் பெரியவர் கையில் ஒரு ஷட்டில் பேட் இருந்தால் போதும், அறிவுரை தானாக வந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் எண்ணூர், மணலி பக்கமும் ஷிஃப்ட் பார்த்து 58 வயதில் வீட்டுக்கு வந்தவர்கள் இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முப்பது வருடம் கம்பிக்கட்டு தூக்கியவர்கள், மெஷினுக்கு அடியில் மண்டியிட்டு போல்ட் முடுக்கியவர்கள், நைட் ஷிஃப்ட் முழுக்க கான்கிரீட் தரையில் நின்றவர்கள். அந்த முப்பது வருடமும் அவர்கள் முட்டியைப் பற்றி ஒரு ஆத்மா கவலைப்பட்டதில்லை. ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினால் மட்டும் வீடே கூடிவிடுகிறது. "மாமா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இது? விழுந்து வெச்சா யாரு பாக்கறது?" என்கிறார் மருமகள். "அண்ணே, எங்க சித்தப்பா இப்படித்தான் விளையாடப் போயி..." என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கதை எடுக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், முட்டியைக் கெடுக்கும் என்று ஆய்வுகள் அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அந்த முப்பது வருடத்தைத்தான். பாரம் தூக்கிக்கொண்டே மண்டியிடும், குந்தும் வேலை, சரியாக ஆறாத பழைய அடி, கூடிப்போன உடல் எடை ஆகியவைதான் முதல் குற்றவாளிகள். வாரத்தில் சில நாள் அளவாக ஆடும் ஆட்டம் இந்தப் பட்டியலிலேயே வராது.

'தேய்மானம்' என்று கேட்டவுடன் மனதில் லாரி டயர்தான் வருகிறது. இத்தனை கிலோமீட்டர் ஓடினால் இவ்வளவு தேயும், ஆகவே ஓட்டாமல் நிறுத்திவைத்தால் மிச்சம் என்று ஒரு கணக்கு. முட்டி அப்படிப்பட்ட பொருளே அல்ல. மூட்டுக்குள் எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்து மூட்டுத் திரவத்திலிருந்துதான் போக வேண்டும். கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்துகிறது, தூக்கும்போது தளர்கிறது. அந்த அழுத்தமும் தளர்வும் இருந்தால்தான் திரவம் உள்ளே போய் வெளியே வரும். முட்டியை அசைக்காமல் வைத்திருப்பவர் அதைச் சேமிக்கவில்லை, பட்டினி போடுகிறார்.

கணக்கு வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கும் இருக்கிறது. 2017-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முட்டியில் மூட்டுத் தேய்வு இருந்தது. உடற்பயிற்சிக்காக அளவோடு ஓடுபவர்களிடம் அது 3.5 சதவீதம்தான். போட்டிக்காக ஓடும் வீரர்களிடம் 13.3 சதவீதம் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் ஆரணியில் காலை ஆறு மணிக்கு ஷட்டில் ஆடும் ஓய்வுபெற்ற ஃபிட்டர் யாரும் ஒலிம்பிக் மாரத்தானுக்குத் தயாராகிக்கொண்டிருக்கவில்லை.

அடுத்து எக்ஸ்ரே. இந்த வதந்திக்குச் சீல் குத்திக் கொடுப்பதே அதுதான். "இடைவெளி குறைஞ்சிருக்குன்னு படத்துலயே தெரியுதே!" தெரியட்டும். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 50 வயதைக் கடந்த, எக்ஸ்ரேயில் தேய்வே தெரியாத 710 பேரின் முட்டிகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். 89 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கோளாறு படத்தில் இருந்தது. வலி உள்ளவர், வலி இல்லாதவர் இரு தரப்பிலும் ஏறக்குறைய அதே அளவு. படத்தில் தெரிவதெல்லாம் நோய் என்றால் ஐம்பது தாண்டியவர்களில் அநேகமாக எல்லோரும் நோயாளிதான். நரை விழுந்ததற்கு யாரும் படுத்த படுக்கை ஆவதில்லை. முட்டி விஷயத்தில் மட்டும் ஒரு எக்ஸ்ரே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நன்றாக நடந்துகொண்டிருந்த மனிதரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

உட்கார்ந்த பிறகு நடப்பதைப் பிசியோதெரபிஸ்டுகள் தினம் பார்க்கிறார்கள். தொடையின் முன்தசைதான் முட்டிக்குக் காவல். வேலை இல்லாவிட்டால் சில வாரங்களிலேயே அது சூம்பத் தொடங்கும். எடை ஏறும். குறைக்கும் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று 2005-ல் அளந்து சொன்னார்கள். ஏறினாலும் அந்தக் கணக்குதான். வலி கூடும், கூடியதால் இன்னும் கொஞ்சம் உட்காருவார். கடைசியில் "பாத்தீங்களா, அப்பவே சொன்னேன்" என்று அதே பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

மூட்டுத் தேய்வு ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் உலகம் முழுக்க முதல் வைத்தியமாகச் சொல்லப்படுவது உடற்பயிற்சிதான். டென்மார்க்கில் 2013 முதல் இதற்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. முட்டி வலிக்காரர்களை வாரம் இருமுறை வரவழைத்து, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் தசைப் பயிற்சி கொடுக்கிறார்கள். இங்கே என்ன கொடுக்கிறார்கள்? தைலம், முட்டிக்கு உறை, மாத்திரை. குளுக்கோசமின், கான்ட்ராய்டின் மாத்திரைகளை 1,583 பேருக்குக் கொடுத்துச் சோதித்த பெரிய அமெரிக்க ஆய்வு 2006-ல் வந்தது. மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட அவை குறிப்பிடும்படி மேலாக இல்லை. அந்தக் காசில் நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கலாம்.

முட்டி திடீரென வீங்கினால், பூட்டிக்கொண்டால், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மற்றபடி ஆடும்போது கொஞ்சம் வலித்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பும் வலிக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

'விளையாட்டோடு ஓய்வுக்காலம் என்பதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம்.' தொடங்கியது அங்கேதான். அரிசோனா பாலைவனத்தில் டெல் வெப் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 1960 ஜனவரி 1 அன்று 'சன் சிட்டி'யைத் திறந்தபோது, ஓய்வுபெற்றவர்களுக்கு அவர் விற்றது வீட்டை மட்டும் அல்ல, வாசலிலேயே ஒரு கோல்ஃப் மைதானத்தையும்தான். இன்று கோயம்புத்தூரைச் சுற்றி மூத்தோர் குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே வீடு வாங்குபவர் வேறு, பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையான மாதம் ஆயிரம் ரூபாயை 2014 முதல் வாங்கிக்கொண்டிருப்பவர் வேறு. ஆனால் இரண்டு பேருக்கும் இருப்பது ஒரே மாதிரி முட்டிதான்.

'கோல்ஃப் சோம்பேறிகளின் ஆட்டம்.' பேட்டரி வண்டியில் போனால் ஓரளவு உண்மை. 18 குழிகளையும் நடந்தே ஆடினால் எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. சுவீடனில் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பதிவுகளைப் பார்த்த 2009-ம் ஆண்டு ஆய்வில், அதே வயதுடைய மற்றவர்களைவிட அவர்களின் இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவாக இருந்தது. உடல்நலம் உள்ளவர்தானே ஆடப் போவார் என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் அந்த வித்தியாசம் எல்லாச் சமூகப் பொருளாதாரப் பிரிவினரிடமும் தென்பட்டது.

அதற்காக ஆரணிப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானம் வேண்டும் என்று யாரும் மனு எழுத வேண்டாம். 18 குழி மைதானம் நூறு ஏக்கருக்கு மேல் நிலம் தின்னும், புல் பச்சையாக இருக்க நாள்தோறும் தண்ணீர் குடிக்கும். ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைச் சென்னைக்காகப் பல பத்தாண்டுகள் உறிஞ்சியதில் மீஞ்சூர் பக்கம் கடல் நீரே உள்ளே வந்துவிட்டது. அந்த நிலத்தில் புல்லுக்கு போர்வெல் போடுவதா? கிண்டியில் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் அமைந்த ரேஸ் கோர்ஸ் நிலம் 160 ஏக்கர். அதன் குத்தகையை அரசு ரத்து செய்து 2024 செப்டம்பரில் சீல் வைத்தது, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. சென்னைக்கே கட்டுப்படியாகாத ஆடம்பரம் நமக்கு வேண்டாம்.

'ஆடும்போது மாரடைப்பு வந்து செத்துப்போகிறார்கள்.' ஷட்டில் கோர்ட்டில் ஒருவர் சரியும் வீடியோ வாட்ஸ்அப்பில் ஆயிரம் முறை சுற்றும். சோபாவில் உட்கார்ந்தபடி போனவரை யாரும் வீடியோ எடுப்பதில்லை. கோபன்ஹேகனில் 8,577 பேரை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வின்படி, அசைவில்லாமல் இருந்தவர்களைவிட பாட்மின்டன் ஆடியவர்கள் சராசரியாக 6.2 ஆண்டுகளும், டென்னிஸ் ஆடியவர்கள் 9.7 ஆண்டுகளும் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆட்டம்தான் அத்தனை ஆண்டையும் கொடுத்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆட்டம் கொல்கிறது என்ற கதைக்கு இது போதுமான பதில். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், படியேறினால் நெஞ்சு அழுத்துபவர்கள் முதலில் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

'ஆடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது.' குடிக்க வேண்டும். மே மாதத்தில் எட்டு மணி வெயிலுக்குப் பிறகு ஆடத்தான் கூடாது.

'பிக்கிள்பால் பாட்டி தாத்தா ஆட்டம், அடியே படாது.' இது எதிர்ப்பக்க மூடநம்பிக்கை. வலைக்கு மேல் துளைப்பந்தை மட்டையால் அடிக்கும் ஆட்டம் இது. நடிகை சமந்தா சென்னை பிக்கிள்பால் அணியை வாங்கியதும், 2025-ல் மத்திய அரசு இந்த ஆட்டத்துக்குத் தேசியக் கூட்டமைப்பு அங்கீகாரம் கொடுத்ததும் சேர்ந்து இப்போது ஆளாளுக்கு மட்டை வாங்குகிறார்கள். அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளின் 2010 முதல் 2019 வரையிலான பதிவுகளில், 60 தாண்டிய பிக்கிள்பால் ஆட்டக்காரர்களின் காயங்களில் பத்தில் ஆறு பங்குக்கு மேல் வழுக்கியோ தடுக்கியோ விழுந்ததால் வந்தவை. பெண்களுக்கு மணிக்கட்டு முறிவு அதிகம். ஆக, பயப்பட வேண்டியது தேய்வுக்கு அல்ல, விழுவதற்கு. தலைக்கு மேல் போகும் பந்தைத் துரத்திப் பின்னோக்கி ஓடாதீர்கள். உடம்பைத் திருப்பிக்கொண்டு ஓடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பாயின்ட்டை விட்டுக்கொடுங்கள். ரப்பர் செருப்போடு இறங்காதீர்கள். வீட்டில் சுவரோரமாக நின்று ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்கப் பழகுங்கள். 65 தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் சொல்லியிருக்கிறது.

அந்தப் பயிற்சிக்கு நம்மூரில் இடம் எங்கே? தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் 2021 கணக்கீட்டின்படி 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்தபடி நாட்டிலேயே அதிகம். கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் மட்டையும் பந்தும் போயின. நல்லது, ஆனால் அவை இளைஞர்களை மனதில் வைத்துக் கொடுத்தவை. 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023-ல் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை வந்தது. அதுவும் நல்லது, ஆனால் நடை மட்டும் தொடைக்கு வலுவும் காலுக்கு நிதானமும் கொடுத்துவிடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். படுத்த பிறகு வருகிறவரை, படுப்பதற்கு முன்பே வாரம் ஒரு காலை ஊர்ப் பொது இடத்துக்கு வரச்சொன்னால் என்ன?

பிக்கிள்பாலுக்குக் கோடிக்கணக்கில் அரங்கம் வேண்டாம். 1965-ல் சியாட்டில் அருகே ஒரு தீவில் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த குடும்பங்கள் பழைய பாட்மின்டன் கோர்ட்டில்தான் தொடங்கின. இன்றும் அதே 44 அடி நீளம், 20 அடி அகலம். வலை நடுவில் 34 அங்குலம், கிட்டத்தட்ட இடுப்பளவு. சர்வீஸ் கீழ்க்கை வீச்சு என்பதால் தோளுக்குச் சிரமம் குறைவு. மண் தரையில் மட்டும் அந்தத் துளைப்பந்து சரியாக எழும்பாது, சிமெண்ட் தரை வேண்டும். அதுவும் இருக்கிறது. ஆரணியைச் சுற்றியுள்ள நெல் கிராமங்களில் அறுவடைக் காலம் போக மீதி மாதங்களில் நெற்களங்கள் சும்மாதானே கிடக்கின்றன? வெள்ளைப் பெயின்ட்டில் கோடு போட்டு, கம்பம் நட இரண்டு குழாய் பதித்தால் கோர்ட் ரெடி. ஆடுவதற்கு முன்பு மணலையும் உதிர்ந்த நெல்லையும் பெருக்கித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் மணிக்கட்டு போய்விடும்.

உள்ளாட்சியிடம் கேட்க வேண்டியது இன்னும் இரண்டு: ஒரு விளக்குக் கம்பம், பக்கத்தில் பூட்டிவைக்காத ஒரு கழிப்பறை. இவை இல்லாத இடத்துக்கு மாலை ஆறரை மணிக்கு ஆண்கள் வருவார்கள். மணிக்கட்டு முறிவு அதிகம் வரும், பயிற்சி அதிகம் தேவைப்படும் பெண்கள் வர மாட்டார்கள்.