சிறு விவசாயியும் நமது வியாபாரமும்
(புக்கிட் பாஞ்சாங் தரும் பாடம்)

வியாபாரிகளான நமக்கு விவசாயத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சகோதரர்கள் சிலர் கேட்கக்கூடும். நாம் மண்வெட்டி பிடிப்பவர்களல்லர், தராசு பிடிப்பவர்கள். உண்மைதான். ஆனால் உணவுக்கடை, மளிகைக்கடை, காய்கறிக்கடை என்று நம்மவர் நடத்தும் தொழில்களில் பெரும்பகுதி, பிறர் விளைவித்ததை வாங்கி விற்பதேயன்றி வேறென்ன? விளைவிப்பவர் ஓய்ந்துவிட்டால் நமது தராசுத் தட்டில் எதை வைப்பது? ஆகவே, சிறு விவசாயக் குடும்பம் ஏன் நிலைகுலைகிறது, அதைத் தாங்குவதில் வியாபாரியின் பங்கு என்ன என்னும் இரண்டு விஷயங்களை, நாம் நன்கறிந்த புக்கிட் பாஞ்சாங்கை வைத்தே இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. நீண்ட குன்றின் வரலாறு

புக்கிட் பாஞ்சாங் என்றால் மலாய் மொழியில் நீண்ட குன்று என்று பொருள். இன்று அடுக்குமாடி வீடுகளும் கடைத்தொகுதிகளும் நிறைந்து, 1999-ல் தொடங்கிய இலகு ரயில் மேலே ஓடும் இவ்வட்டாரம், ஒரு காலத்தில் தோட்டமும் துரவுமாக இருந்தது. பக்கத்திலுள்ள சுவா சூ காங்கின் பெயரே, மிளகும் காம்பியரும் பயிரிட ஆற்றங்கரையில் குடியேறிய சீனர்களின் காலத்தை நினைவூட்டுவது. பின்னர் ரப்பரும் அன்னாசியும் வந்தன. அதன்பின் குடும்பம் குடும்பமாகக் காய்கறி பயிரிட்டும் கோழி, வாத்து வளர்த்தும் ஜனங்கள் பிழைத்தார்கள்.

1960-களில் சிங்கப்பூரில் சுமார் 20,000 பண்ணைகள் இருந்தன. அவை ஏறத்தாழ 14,000 ஹெக்டேர் நிலத்தில் பரவியிருந்தன. பெரும்பாலானவை ஒரு குடும்பம் தன் கையாலேயே பாடுபடும் சிறு பண்ணைகள். முட்டையிலும் கோழியிலும் இந்நாடு அக்காலத்தில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டிருந்தது. இன்று விவசாயத்துக்குரிய நிலம் நாட்டின் பரப்பில் சுமார் 1 விழுக்காடுதான். உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது.

இம்மாறுதலுக்குக் காரணம் யாருடைய பகைமையும் அன்று. ஜனங்களுக்கு வீடு வேண்டியிருந்தது, குடிநீர் வேண்டியிருந்தது. 1975-ல் கிராஞ்சி நீர்த்தேக்கம் அமைந்தபோது, அதற்கு நீர் தரும் ஓடைகளில் கால்நடைக் கழிவு கலப்பதை அனுமதிக்க இயலவில்லை. 1980-களில் புக்கிட் பாஞ்சாங் புதுநகர் எழும்பியது. நிலத்தை விட்டவர்களுக்குக் கொட்டகைக்கு இவ்வளவு, பழமரத்துக்கு இவ்வளவு என்று சர்க்கார் இழப்பீடு கொடுத்தது. ஆயினும் மரத்துக்கு விலை போடலாம். எந்த மாதத்தில் எதை விதைப்பது, எந்த மண்ணுக்கு எவ்வளவு நீர் என்னும் அனுபவத்துக்கு விலை போட முடியுமா? ஒரு தலைமுறையின் அறிவு அந்தத் தலைமுறையோடேயே போயிற்று.

2. மிஞ்சியவர்களின் நிலை

எஞ்சிய பண்ணைகள் பெரும்பாலும் லிம் சூ காங், கிராஞ்சிப் பகுதிகளில் ஒதுங்கின. 2005-ல் அங்குள்ளவர்கள் கிராஞ்சி நாட்டுப்புறச் சங்கம் என்னும் அமைப்பைத் தொடங்கி, தங்கள் விளைச்சலை ஜனங்களிடம் நேரே கொண்டு செல்ல முயன்றார்கள். ஆனால் 2014-ல், லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் நிலம் இராணுவப் பயிற்சிக்குத் தேவை என்று அறிவிக்கப்பட்டது. தவணை பின்னர் நீட்டிக்கப்பட்டாலும், நாளை நிலம் இருக்குமோ இராதோ என்னும் ஐயத்தில் யார் முதல் போடுவார்? தகப்பனுடைய தொழிலைப் பிள்ளை எப்படி ஏற்பான்? இதை உணர்ந்தே, 2017-ல் புதிதாக ஏலம் விட்ட விவசாய நிலங்களுக்கு 10 ஆண்டுக்குப் பதில் 20 ஆண்டுக் குத்தகை என்று சர்க்கார் விதித்தது.

2030-க்குள் நாட்டின் ஊட்டத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்று 2019-ல் ஓர் இலக்கு வைக்கப்பட்டது. 2025 நவம்பரில் அது கைவிடப்பட்டு, 2035-க்குள் காய்கறி, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காடு, முட்டை, மீன் போன்ற புரத உணவில் 30 விழுக்காடு என்று மாற்றப்பட்டது. உற்பத்திச் செலவு கூடியது ஒரு காரணம். வாங்குவோர் போதாமை மற்றொரு காரணம். 2024-ல் நாம் உண்ட காய்கறியில் உள்ளூரில் விளைந்தது 3 விழுக்காடே. முட்டையில் மட்டும் சுமார் 34 விழுக்காடு.

சகோதரர்களே, இங்கே கவனியுங்கள்! நிலம் ஒதுக்குவது சர்க்காரின் காரியம். விஞ்ஞானம் தருவது நிபுணரின் காரியம். வாங்குவது யாருடைய காரியம்? நம்முடையது அல்லவா?

3. விதைக்கும் நாளில் விலை தெரியாது

சிறு விவசாயியின் கஷ்டத்தின் வேர் இதுதான். கங்கோங், சாய் சிம் போன்ற கீரைகள் விதைத்து மூன்று நான்கு வாரங்களில் அறுவடைக்கு வரும். விதைக்கும் அன்று, அறுக்கும் நாளின் விலை அவருக்குத் தெரியாது. அறுத்தபின் கீரை காத்திருக்காது, மறுநாளே வாடும். அதே காலையில் அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து மலிவான கீரை லாரி லாரியாகப் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் வந்து இறங்கும். பெரிய நிறுவனமானால் ஒரு மாத நஷ்டத்தை மறுமாதம் ஈடு செய்யும். குடும்பப் பண்ணையோ இரண்டு மாத நஷ்டத்திலேயே கடன்பட்டுவிடும்.

தாயகத்தில் இந்தக் கஷ்டத்துக்கு ஒரு வழி கண்டார்கள். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில், விவசாயி தம் விளைச்சலை இடைத்தரகரின்றித் தாமே விற்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்நாட்டில் ஆள் குறைவான பண்ணைக் குடும்பம் தினமும் சந்தையில் வந்து உட்காருவது எளிதன்று. இங்கே நாணயமான ஒரு வியாபாரி இடையில் இருந்தே தீரவேண்டும். அந்த நாணயத்துக்கு மார்க்கம் காட்டும் வழியை இனிப் பார்ப்போம்.

4. ஷரீஅத் காட்டும் கொள்முதல் முறை

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள ஜனங்கள் பேரீச்சம்பழத்துக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து, ஓராண்டு ஈராண்டு கழித்துச் சரக்கைப் பெறும் வழக்கமுடையவர்களாக இருந்தார்கள். அவ்வழக்கத்தை அவர்கள் ஒழிக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டுமென்று ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே ஸலம் என்னும் முன்பண வியாபாரம். விதைக்கும் நாளிலேயே விலை தெரிந்துவிடுவதால், மேலே கண்ட கஷ்டத்துக்கு இது நேரான மருந்தாகும். வட்டிக்கடனின் தேவையும் அங்கே நீங்குகிறது.

இன்னும் இரண்டு தடைகளை நாம் மறக்கலாகாது. சந்தை விலை அறியாமல் சரக்கோடு வரும் வெளியூராரை வழியிலேயே மறித்து, குறைந்த விலைக்கு வாங்கலாகாது. பக்குவம் வெளிப்படுமுன் மரத்திலுள்ள கனியை விலை பேசலாகாது. முன்னது விற்பவரின் அறியாமையைச் சுரண்டுவது. பின்னது சரக்கு அழிந்தால் ஒருவர் பணம் வீணே போவது. இதனாலேயே, இன்ன தோட்டத்து இன்ன பாத்தி என்று குறிக்காமல், சரக்கின் வகை, தரம், எடை, தேதி, ஒப்படைக்கும் இடம் ஆகியவற்றையே ஸலத்தில் குறிக்க வேண்டுமென்று இமாம்கள் விதித்தார்கள். பயிர் பொய்த்தால் அவர் வேறிடத்தில் வாங்கியேனும் தரலாம். நுணுக்கங்களை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நலம்.

5. நாம் செய்யக்கூடியவை

எல்லாவற்றையும் உள்ளூரில் வாங்க வேண்டும் என்பது நமது வாதமன்று. வெங்காயமும் உருளைக்கிழங்கும் பருப்பும் கப்பலில்தான் வரும். புதுமையே மதிப்பாக உள்ள கீரை, முட்டை, மீன் ஆகியவற்றில் தொடங்குவோம். முட்டை பரோட்டாவும் முர்தபாவும் போடும் நம் கடைகளில் ஒரு நாளைக்கு எத்தனை தட்டு முட்டை செலவாகிறது என்று எண்ணிப் பாருங்கள்!

உதாரணமாக, ஓர் உணவுக்கடைக்கு வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு 10 கிலோ கீரை வேண்டும் என்று கொள்வோம். தனியாகக் கேட்டால் 30 கிலோவுக்காகப் பண்ணையார் வண்டி அனுப்ப மாட்டார். ஐந்து கடைக்காரர்கள் சேர்ந்தால் வாரம் 150 கிலோ. ஒரே வண்டி, ஒரே பேச்சு. விலை சற்றுக் கூடினாலும் வாடிக் கழியும் கீரை குறையும். அந்தக் கழிவையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

இது தர்மம் மட்டுமன்று, தற்காப்புமாகும். 2022 ஜூன் 1-ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, அதற்கு முந்திய ஆண்டில் நமது கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்தே வந்திருந்தது. பிரியாணிக் கடைகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்கலாகாது என்று வீட்டில் சொல்லும் நாம், கடையிலும் அதைக் கடைப்பிடிக்க வேண்டாமா?

சிந்தனைக்கு

(1) நமது கடைக்கு வரும் சரக்கில் உள்ளூரில் விளைந்தது எது என்று நமக்குத் தெரியுமா?
(2) விளைவித்தவருக்குப் பணம் எத்தனை நாளில் போய்ச் சேருகிறது? தாமதம் நம்மாலா?
(3) ஒரே வட்டாரத்தில் கடை நடத்தும் நாம், கூட்டுக் கொள்முதல் பற்றி எப்போதாவது கூடிப் பேசியதுண்டா?

புக்கிட் பாஞ்சாங்கில் போன தோட்டங்கள் திரும்பி வரப்போவதில்லை. இருப்பவற்றைத் தாங்கும் வாய்ப்போ நமது கொள்முதல் புத்தகத்தில் இருக்கிறது. அதில் சிறு விவசாயிக்கென்று ஒரு பக்கம் திறப்போமாக! அல்லாஹ் நமது வியாபாரத்திலும் அவர்கள் விளைச்சலிலும் பரக்கத் செய்வானாக, ஆமீன்.