கருவியின் வரம்பும் எழுத்து வழக்கும்: கைப்பேசிச் செய்திகளில் தமிழ்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் வழக்கம் இன்று கைப்பேசி உரையாடல்களில் பரவலாகக் காணப்படுகிறது. இவ்வழக்கை மொழிப்பற்றின் குறைவு எனக் கடிந்துரைப்போரும், காலத்தின் போக்கு என ஏற்றுக்கொள்வோரும் உளர். குறுஞ்செய்தித் தொழில்நுட்பத்தின் எழுத்து வரம்பே இவ்வழக்கு வேரூன்றுவதற்கு வலுவான காரணமாயிற்று என்பதையும், அவ்வரம்பு நீங்கிய பின்னரும் வழக்கு மட்டும் எஞ்சி நிற்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ஓலைச்சுவடி, தொடக்கக்கால அச்சு ஆகியவற்றின் வரலாற்றோடு ஒப்பிட்டு, இவ்வழக்கினால் வாசிப்பிலிருந்து விலக்கப்படுவோர் யாவர் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குறுஞ்செய்தி, ஒருங்குறி, தமிழ்99, ரோமன் எழுத்துத் தமிழ், இரட்டை வழக்கு.

முன்னுரை

எழுத்து என்பது மொழியின் வடிவம் மட்டுமன்று. எழுதும் பொருளுக்கும் எழுதும் கைக்கும் இடையே ஏற்படும் உடன்பாடும் ஆகும். கல்லில் வெட்டிய எழுத்தும் ஓலையில் கீறிய எழுத்தும் ஈயத்தில் வார்த்த எழுத்தும் ஒரே மொழிக்குரியனவாயினும் வடிவால் வேறுபட்டன. அவ்வரிசையில் அண்மையில் சேர்ந்தது கைப்பேசியின் கண்ணாடித்திரை. ஒரு நாளில் தமிழர் எழுதுவனவற்றுள் பெரும்பகுதி இன்று இத்திரையிலேயே எழுதப்படுகிறது. கடை உரிமையாளர் சரக்குக் கேட்பதும், ஆசிரியர் வகுப்பு நேரத்தை அறிவிப்பதும், வெளியூரில் பணிபுரியும் மகள் வீட்டாருக்கு நலம் தெரிவிப்பதும் இதில்தான் நிகழ்கின்றன. ஆயினும் அவற்றுள் பல தமிழ் எழுத்தில் அமைவதில்லை. இதற்குரிய காரணத்தை மனப்பான்மையில் தேடுவதற்கு முன் கருவியில் தேடுதல் பொருத்தமானது.

கருவி வரையறுத்த எழுத்து: முன்னை வரலாறு

தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவது கைப்பேசிக் காலத்தில் தோன்றிய புதுமையன்று. 1554இல் லிசுபனில் அச்சிடப்பட்ட கிறித்தவ மறைக்கல்வி நூலில் தமிழ்ப் பகுதி ரோமன் எழுத்திலேயே இடம்பெற்றது. அந்நகர அச்சகத்தில் தமிழ் அச்செழுத்துகள் இல்லை. 24 ஆண்டுகள் கழித்து, 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. அச்செழுத்து கிடைத்தவுடன் தமிழ் தன் வரிவடிவில் அச்சேறியது என்பது இங்கு நோக்கத்தக்கது.

ஓலைச்சுவடியும் இத்தகையதொரு சான்றினைத் தருகிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்பதும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியர் கூறிய இலக்கணம். எழுத்தாணியால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பழுதுறும் என்பதால் ஏடெழுதுவோர் புள்ளியைத் தவிர்த்தனர் என்பர். ரகரமும் ஆகாரக் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி நின்றன. இன்ன எழுத்து என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி உய்த்துணர வேண்டியிருந்தது. பிற்காலத்தில் வீரமாமுனிவர் குறில் நெடில் வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கினார்; அச்சுப் பதிப்புகளில் புள்ளியும் படிப்படியாக நிலைபெற்றது.

இவ்விரு சான்றுகளாலும் பெறப்படும் உண்மை ஒன்றே: கருவி எழுத்தைச் சுருக்கலாம், ஆனால் அச்சுருக்கம் நிலையானதன்று. கருவி மாறியபோது, மாற்றத்தைப் பயன்படுத்திக்கொள்ள முனைந்தோர் இருந்தமையால் எழுத்து மீண்டது.

குறுஞ்செய்தியின் கணக்கு

கைப்பேசிக் குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டு. ரோமன் எழுத்துக்கு ஏழு பிட்டுகள் போதுமாதலால் அவ்வளவில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்குரிய குறியீட்டில் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட்டுகள் தேவைப்படுவதால் 70 குறிகளே அடங்கும். செய்தியில் ஒரேயொரு தமிழெழுத்து இடம்பெற்றாலும் அச்செய்தி முழுவதற்கும் 70 என்னும் வரம்பே பொருந்தும்.

இங்குக் குறி என்பதும் எழுத்து என்பதும் ஒன்றல்ல. தமிழ் எழுத்துகள் 247இல் உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 மட்டுமே ஒருங்குறியில் ஒற்றைக் குறியால் அமைவன. எஞ்சிய 216 எழுத்துகளும் இரண்டு குறிகளால் அமைவன. புள்ளியோடு கூடிய மெய்யும் இவற்றுள் அடங்கும். 'க்' என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரு குறிகள். 'கி' என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரு குறிகள்.

'நாளை வருகிறேன்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் ஏழு எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் முதற்சொல் நான்கு குறிகள், இரண்டாம் சொல் ஒன்பது குறிகள், இடைவெளி ஒன்று, ஆக 14. இத்தொடரையே ரோமன் எழுத்தில் எழுதினால் முதற்சொல்லுக்கு 6, இரண்டாம் சொல்லுக்கு 9, இடைவெளி ஒன்று, ஆக 16. எண்ணிக்கையில் தமிழே சிறிது. ஆயினும் 70இல் 14 என்பது ஐந்தில் ஒரு பங்கு. 160இல் 16 என்பது பத்தில் ஒரு பங்கு. ஒரு செய்திக்குரிய கட்டணத்தில் இத்தொடரை ரோமன் எழுத்தில் பத்து முறை அனுப்பலாம். தமிழில் ஐந்து முறையே அனுப்பலாம். ஒவ்வொரு செய்திக்கும் காசு எண்ணிக் கொடுத்த காலத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று. பெறுபவரின் கைப்பேசியில் தமிழ் எழுத்துரு இல்லையெனில் வெறும் கட்டங்களே தோன்றும் என்னும் இடரும் உடனிருந்தது. இச்சூழலில் ரோமன் எழுத்தைத் தேர்ந்தவரை மொழிப்பற்றற்றவர் என்பது பொருந்தாது. அவர் சிக்கனம் அறிந்தவர்.

வரம்பு நீங்கிய பின்

கணினித் தமிழின் முயற்சிகள் இக்காலத்திலேயே நிகழ்ந்து வந்தன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டினையொட்டித் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமாயிற்று. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பு, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிய இன்னல் அதன்பின் குறையலாயிற்று. 2013இல் ஐபோனின் இயங்குதளத்திலேயே தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது. இணையவழிச் செய்திச் செயலிகள் பரவியதும் எழுத்தெண்ணிக் கட்டணம் கொடுக்கும் முறையே மறைந்தது.

தமிழ்99 பலகையில் 12 உயிர், 18 மெய், புள்ளி ஆகிய 31 விசைகள் உள்ளன. உயிர் இடப்புறமும் மெய் வலப்புறமும் அமையும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் மெய்க்குப் புள்ளி தானே வரும். ஆதலால் 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டல்கள் போதும். மேற்காட்டிய 'நாளை வருகிறேன்' என்னும் தொடருக்கு 14 தட்டல்கள் தேவை. ரோமன் எழுத்தில் 16. முன்பு இருமடங்கு விலையாயிருந்த தொடர் இன்று குறைந்த உழைப்பில் முடிகிறது. எனினும் வழக்கு மாறவில்லை. தொடக்கத்தில் விரலுக்குப் பழகிய பலகையே தொடர்ந்து பயன்படுகிறது. காரணம் மறைந்த பின்னும் காரியம் நிலைத்திருப்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

வழக்கு நிலைத்ததற்கான மொழியியற் காரணம்

பழக்கம் ஒன்றே முழுக் காரணமாகாது. தமிழ் இரட்டை வழக்கு மொழி. 'வந்துவிட்டேன்' என்பது எழுத்து வழக்கு. 'வந்துட்டேன்' என்பது பேச்சு வழக்கு. பள்ளியில் கற்ற வரிவடிவம் எழுத்து வழக்கோடு பிணைந்தது. பேச்சு வழக்கைத் தமிழெழுத்தில் எழுதும்போது பலருக்குப் பிழை செய்கிறோமோ என்னும் கூச்சம் எழுகிறது. ரோமன் எழுத்தில் அக்கூச்சம் இல்லை. அங்குச் சரியும் இல்லை, பிழையும் இல்லை. லகரமா ளகரமா என்னும் ஐயமும், வல்லினம் மிகுமா மிகாதா என்னும் அச்சமும் அங்கு எழுவதில்லை.

இவ்விடுதலைக்கு ஒரு விலை உண்டு. ல, ள என்னும் இரண்டும், பலர் வழக்கில் ழகரமும், 'எல்' என்னும் ஓரெழுத்தில் அடங்குகின்றன. ந, ன, ண மூன்றும் 'என்' என்பதில் அடங்குகின்றன. பள்ளியும் பல்லியும், மனமும் மணமும், வலியும் வழியும் எழுத்தளவில் வேறுபாடிழக்கின்றன. தமிழ் என்னும் சொல்லின் ழகரத்தை 'இசட்', 'எச்' என்னும் ஈரெழுத்தால் எழுதுவோரும் 'எல்' என்னும் ஓரெழுத்தால் எழுதுவோரும் உளர். இதனால் பழைய செய்தியொன்றைத் தேடிக் கண்டெடுப்பதும் அரிதாகிறது. படிப்பவர் இடம் நோக்கி உய்த்துணரும் ஏட்டுச்சுவடியின் நிலையே மீண்டும் வந்துள்ளது எனலாம்.

பேச்சு வழக்கைத் தமிழெழுத்தே தாங்கும் என்பதற்குப் புனைகதை இலக்கியம் நெடுநாளாகச் சான்று பகர்கிறது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரப் பேச்சைக் கதைகளில் எழுதியதோடு அச்சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். எனவே குறை வரிவடிவத்தில் இல்லை. பேச்சை எழுதினால் பிழை என்று கற்பித்த கல்விமுறையில் உள்ளது.

விலக்கப்படுவோர்

ஓர் எழுத்து வழக்கை மதிப்பிடும்போது எழுதுபவரின் எளிமை மட்டுமன்றி, படிக்க இயலாதவரின் நிலையும் கருதப்பட வேண்டும். தேநீர்க்கடையில் நாளிதழைத் தலைப்பு முதல் இறுதிவரை படிக்கும் தந்தை, மகன் ரோமன் எழுத்தில் அனுப்பிய இரண்டு வரியைப் படிக்க அண்டை வீட்டாரை நாட நேர்கிறது. அவர் எழுத்தறிவற்றவர் அல்லர். அவர் அறிந்த எழுத்தில் செய்தி வரவில்லை. ஒரு தலைமுறை முயன்று பெற்ற எழுத்தறிவு தன் வீட்டுச் செய்தி முன்னரே பயனற்றுப் போகிறது. பணியிடத்துக் குழுக்களிலும் இந்நிலை உண்டு. பணிநேர மாற்றம் ரோமன் எழுத்தில் வரும்போது, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தூய்மைப் பணியாளர் பிறரைச் சார்ந்திருக்க வேண்டியவராகிறார். குரற்செய்தி இதற்கு ஓரளவு மாற்றாகிறது. எனினும் குரற்செய்தியைக் கண்ணோட்டமாகப் பார்த்தறிய இயலாது. பலர் நடுவே கேட்கவும் இயலாது.

மறுபுறம், தமிழ் பேசத் தெரிந்தும் தமிழெழுத்தைக் கற்க வாய்ப்பற்றோர் உளர். வேற்று மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வளர்ந்த அவர்களுக்கு ரோமன் எழுத்தே எழுதப்பட்ட தமிழுக்குள் நுழையும் வாயில். அவ்வாயிலை அடைப்பது முறையன்று. இரு எழுத்தும் அறிந்தவர், தம் செய்தியைப் பெறுபவர் எதைப் படிக்கவல்லார் என்று எண்ணித் தேர்வதே இங்கு வேண்டப்படுவது.

முடிவுரை

ரோமன் எழுத்துத் தமிழ் கருவியின் வரம்பினால் வலுப்பெற்றுப் பழக்கத்தாலும் இரட்டை வழக்கின் கூச்சத்தாலும் நிலைத்தது என்பது மேற்கண்டவற்றால் அறியலாகிறது. ஆகவே அறிவுரையால் மட்டும் இது மாறாது, பயிற்சியால் மாறும். எழுத்துகளைக் கற்பிக்கும் பருவத்திலேயே தமிழ் விசைப்பலகையையும் கற்பித்தல் வேண்டும். பேச்சு வழக்கைத் தமிழெழுத்தில் எழுதும் பயிற்சியை மொழிப்பாடத்தின் ஒரு பகுதியாக ஏற்றல் வேண்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த உறவினர் ஒருவருக்கு ஒவ்வொரு மாணவரும் தமிழில் ஒரு செய்தி எழுதி மறுமொழி பெறுவதை வகுப்புப் பணியாக அமைக்கலாம். லிசுபனின் ரோமன் எழுத்திலிருந்து கொல்லத்தின் தமிழெழுத்துக்கு வர 24 ஆண்டுகள் ஆயின. இன்று அச்செழுத்து வார்க்க வேண்டியதில்லை. கையிலுள்ள பலகையை மாற்றினால் போதும். மறுமுனையில் காத்திருக்கும் தாயோ பாட்டியோ யாருடைய உதவியுமின்றிச் செய்தியைத் தாமே படித்துக்கொள்வர்.