எதிரியில்லாப் போர்க்கலை

போர்க்கலை என்றதும் வெற்றி தோல்வியே நம் நினைவிற்கு வருகின்றது. மற்போரில் முதுகு மண்ணில் பட்டவன் தோற்றவன். குத்துச்சண்டையில் வீழ்ந்து எழ இயலாதவன் தோற்றவன். ஆனால், வீழ்வதையே பாடத்தில் சரிபாதியாக வைத்துக் கற்பிக்கும் போர்க்கலை ஒன்று ஜப்பானில் உண்டு. அதுவே ஐகிடோ. 'ஐ' என்றால் இணைதல். 'கி' என்றால் உயிராற்றல். 'டோ' என்றால் நெறி.

இதனைத் தோற்றுவித்தவர் மொரிஹெய் உயெஷிபா. 1883ஆம் ஆண்டில் வாகயாமா மாநிலத்துத் தனாபே என்னும் ஊரில் பிறந்தவர். ரஷ்ய-ஜப்பானியப் போரில் படைவீரராக இருந்தவர். பின்னர் வடக்கே ஹொக்கைடோ தீவில் குடியேறி வாழ்ந்தபோது, 1915இல் சொகாகு தகேதா என்னும் ஆசானைக் கண்டு, 'டைட்டோ-ரியு' என்ற முறையைக் கற்றார். மூட்டுகளை முறுக்கி எதிரியை முடக்கும் கடுமையான முறை அது. அதன்பின் ஓமோட்டோ சமயத் தலைவர் ஒனிசாபுரோ தெகுச்சியின் தொடர்பு அவருடைய நோக்கையே மாற்றிவிட்டது. 1931இல் டோக்கியோவில் பயிற்சிக்கூடம் கண்டார். 1942இல் ஐகிடோ என்னும் பெயர் நிலைபெற்றது. 1969இல் அவர் மறைந்தார். வரலாறு இவ்வளவு போதும். பயிற்சி நடைபெறும் விதத்தையே நான் இங்கு விரித்துரைக்க விரும்புகின்றேன்.

இருவர் எதிரெதிரே நிற்பர். நுட்பத்தைச் செய்பவர் 'நாகே', அதாவது எறிபவர். தாக்குபவருக்கோ 'உகே' என்று பெயர். ஏற்பவர் என்பது அதன் பொருள். தாக்குபவரை ஏற்பவர் என்று அழைப்பது விந்தையன்றோ! உகே வாளை ஓங்குவதுபோல் கையை ஓங்கித் தலையை நோக்கி வெட்டுகின்றார். நாகே அதனைத் தடுத்து நிறுத்துவதில்லை. தாக்குதல் வரும் கோட்டினின்று விலகி, உடலைத் திருப்பி, வருகின்ற வேகத்தை வட்டமாக வழிநடத்துகின்றார். உகேயின் சமநிலை குலைகின்றது. அந்நிலையில் அவருடைய மணிக்கட்டை வெளிப்புறமாகத் திருப்பி வீழ்த்தும் நுட்பம் 'கொத்தேகாயேஷி' எனப்படும். (பெயர்கள் நம் நாவிற்குச் சற்றுக் கடினமானவைதாம்.) இங்கே உகே விறைத்து நின்றால் கேடு அவருடைய மூட்டுக்குத்தான். ஆகவே அவர் அத்திருப்பத்தோடு தாமும் சென்று வீழ்கின்றார். முன்புறமாக உருளும்போது தலை தரையில் படுவதில்லை. கை, தோள், முதுகு, எதிர்ப்பக்க இடுப்பு எனப் பந்துபோல் உருண்டு எழுந்துவிடுகின்றார். இவ்வாறு காயமின்றி வீழும் கலைக்கு 'உகேமி' என்று பெயர். புதிய மாணவர் தொடக்கத்திலேயே கற்கவேண்டிய பாடம் இது. வலமும் இடமுமாக நான்கு முறை ஒருவர் எறிந்தபின், மற்றவர் எறியும் முறை வரும். மூத்த மாணவரும் இளையவருக்காக வீழ்ந்தாக வேண்டும்.

அப்படியாயின் இது வெறும் நாடகந்தானா என்று கேட்கத் தோன்றும். உயெஷிபாவின் மாணவரும் ஜூடோ வல்லுநருமான கென்ஜி தொமிகி (1900-1979) இதைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர். தடையற்ற மோதலில் சோதிக்காவிடில் நுட்பம் மெய்யாகாது என்று கருதிய அவர், ஒருவர் போலிக் குத்துவாள் கொண்டு தாக்க மற்றவர் சமாளிக்கும் போட்டிமுறையை வகுத்தார். உயெஷிபாவோ போட்டியை ஏற்கவில்லை.

தொமிகியின் ஐயம் நியாயமானதே. கூட்டுப்பயிற்சியில் பொய் எளிதில் நுழைந்துவிடும். உகே அரைமனத்தோடு தாக்கினாலோ, எறியப்படும் முன்னரே மரியாதைக்காக விழுந்தாலோ, நாகே கற்பது ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் போட்டிதான் மருந்து என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. போட்டியாளர் தம் தளர்ந்த இடத்தை மறைக்கவே முயல்வார். நல்ல உகேயோ மெய்யாகத் தாக்குகின்றார். சமநிலை குலையாதவரை வீழ மறுக்கின்றார். குலைந்தபின் வீம்புக்காக எதிர்ப்பதுமில்லை. எறிபவரின் பிழை எங்கே என்பது அவருடைய உடலுக்கு உடனே தெரிந்துவிடும். இத்தகைய உகே கிடைப்பதுதான் அரிது.

உயெஷிபா வழிவந்த ஐகிகாய் நிறுவனத்தில் இன்றும் போட்டிகள் இல்லை. பெரும்பாலான படிநிலைகள் தேர்வின் வழியாக வழங்கப்படுகின்றன. அத்தேர்வையும் ஒருவர் தனியே எழுந்து நின்று கொடுத்துவிட முடியாது. தாக்கி வீழ்வதற்கு இன்னொருவர் உடன்வர வேண்டும்.