ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் கூடாது

சிகரெட்டைக் கைவிட இ-சிகரெட் உதவுமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: உதவும், ஆனால் சிகரெட்டை முழுதாகக் கைவிட்டு அதற்கு மாறுபவருக்குத்தான். காலையில் எழுந்ததும் ஒரு சிகரெட், வேலை நேரத்தில் வேப் எனப்படும் இ-சிகரெட், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி சிகரெட் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு, ‘பாதியாகக் குறைத்துவிட்டேன்’ என்று ஆறுதல் கொள்பவருக்குக் கிடைக்கும் நன்மை மிகச் சொற்பம். பிரிட்டனில் புகைப்பழக்கத்துக்கு எதிராக இயங்கும் ஆஷ் அமைப்பு 2024-இல் நடத்திய கணக்கெடுப்பில், வேப் செய்யும் பெரியவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் சிகரெட்டை விட்டவர்கள். ஐந்தில் ஏறக்குறைய இருவரோ இன்னமும் சிகரெட்டையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கும் அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். பாதி முயற்சியை ஏற்கெனவே செய்துவிட்ட அவர்களுக்கு மீதிப் பாதியில்தான் உயிர் காக்கும் பலன் இருக்கிறது.

காரணத்தைப் புரிந்துகொள்ள, சிகரெட்டில் எது நம்மைப் பிடித்து வைக்கிறது, எது கொல்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் ரஸ்ஸல் 1976-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டார்: மக்கள் புகைப்பது நிக்கோடினுக்காக, சாவது தாரினால். புகையிலை எரியும்போது தாரும் கார்பன் மோனாக்சைடும் புற்றுநோய் தரும் பல ரசாயனங்களும் பிறக்கின்றன. சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003-இல் உருவாக்கிய இ-சிகரெட்டில் எதுவும் எரிவதில்லை. நிக்கோடின் கலந்த திரவம் சூடாகி ஆவியாகிறது. அந்த ஆவி சுத்தமான காற்று அல்ல. ஆனாலும் புகையோடு ஒப்பிட்டால் அதிலுள்ள நச்சுகள் மிகக் குறைவு என்பதால்தான், லண்டனின் மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2016-இல் புகைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. 2019-இல் பீட்டர் ஹாயெக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை நடத்தும் புகை நிறுத்த மையங்களுக்கு வந்த 886 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில் இ-சிகரெட் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினரும், பேட்ச், சூயிங்கம் போன்ற நிக்கோடின் மாற்றுகளைப் பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினரும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். இரு தரப்புக்கும் குறைந்தது நான்கு வாரங்கள் வாராவாரம் நேரடி ஆலோசனை கிடைத்தது என்பதை மறக்கக் கூடாது. கருவி மட்டும் தனியாக வேலை செய்துவிடாது. ஐந்தில் நான்கு பேருக்கு அப்போதும் பலிக்கவில்லை என்பதும் அதே ஆய்வு சொல்லும் உண்மைதான்.

‘விட முடியாவிட்டாலும் குறைப்பது நல்லதுதானே’ என்ற வாதம் நியாயமாகத்தான் தோன்றுகிறது. இருபதிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகும் என்று மனம் கணக்குப் போடுகிறது. இதயம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய தொகுப்பாய்வு 141 ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டது. நாளுக்கு இருபது பிடிப்பவருக்குக் கூடுதலாக வரும் இதயநோய் ஆபத்தில், நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிக்கும் ஆணுக்கு ஏறக்குறைய பாதியும், பெண்ணுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் இருந்தன. எண்ணிக்கை குறையும்போது ஒவ்வொரு சிகரெட்டையும் ஆழமாக, அடிவரை இழுப்பதும் வழக்கம். நிக்கோடின் கேட்கும் உடல் தன் பங்கை அப்படித்தான் ஈடுகட்டிக்கொள்கிறது. டென்மார்க்கில் நீண்ட காலம் நடந்த ஆய்வில், நாளுக்குப் பதினைந்தோ அதற்கு மேலோ பிடித்தவர்கள் அதைப் பாதியாகவாவது குறைத்தபோது நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நாட்டு ஆய்வாளர்கள் மாரடைப்பைக் கணக்கிட்டபோது, பலன் விட்டவர்களுக்குத்தான் தெரிந்தது, குறைத்தவர்களுக்குத் தெரியவில்லை. இ-சிகரெட்டுக்கே நேரடிச் சான்றும் உண்டு. 2017-இல் லயன் ஷஹாப் குழுவினர் சிறுநீர், உமிழ்நீர் மாதிரிகளைச் சோதித்தபோது, வேப்புக்கு முழுதாக மாறியவர்களிடம் புற்றுநோய் சார்ந்த நச்சுகளின் தடயங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்களிடம் அந்த அளவு குறைவு இல்லை. ஆகவே குறைப்பதை ஒரு படியாக வைத்துக்கொள்ளலாம், அதிலேயே தங்கிவிடக் கூடாது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடங்கள் எளியவை. முதலில், கடைசி சிகரெட்டுக்கு ஒரு தேதி வைக்க வேண்டும். வேப்பைச் சில நாள் பழகிக்கொள்ள அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். அந்த அவகாசத்துக்கு முடிவு இருக்க வேண்டும். இரண்டாவது, நிக்கோடின் அளவு போதுமானதாக இருக்க வேண்டும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவருக்குப் பிடிப்பு பலமானது. அவர் பயந்துபோய் மிகக் குறைந்த அளவில் தொடங்கினால் ஏக்கம் அடங்காது, இரண்டே நாளில் பழைய பாக்கெட் திரும்பிவிடும். பிரிட்டனில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது. தலைசுற்றலும் குமட்டலும் வந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். மூன்றாவது, சிகரெட்டைப் போல வெடுக்கென இழுக்காமல் மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும். நான்காவது, சிகரெட்டையும் நிக்கோடினையும் ஒரே நேரத்தில் குறைக்க முயலக் கூடாது. புகை நின்று, அது மீண்டும் வராது என்ற உறுதி ஏற்பட்ட பிறகே திரவத்தின் அளவைப் படிப்படியாக இறக்க வேண்டும். ஐந்தாவது, தியோஃபிலின், குளோசபின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புகை அந்த மருந்துகளை உடலில் வேகமாகச் சிதைக்கிறது. புகை நின்றதும் அதே மாத்திரை அளவு மிகையாகிவிடலாம். திரவக் குப்பியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பதும் கட்டாயம்.

‘ஒரு அடிமைத்தனத்தை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதுதானே இது’ என்று கேட்பவர்களின் கவலையில் உண்மை உண்டு. ஹாயெக் ஆய்வில் இ-சிகரெட்டால் வெற்றி பெற்றவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவிலும் வேப்பைத் தொடர்ந்தார்கள். நிக்கோடின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும், பிடித்தால் எளிதில் விடாது. இ-சிகரெட் 95 விழுக்காடு தீங்கு குறைந்தது என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015-இல் சொன்ன கணக்கும் வல்லுநர் மதிப்பீட்டில் பிறந்ததே, நேரடி அளவீடு அல்ல. முப்பது, நாற்பது ஆண்டு வேப் செய்தவர்களின் உடல்நிலையைப் பார்க்க இன்னும் காலம் வரவில்லை. இத்தனையையும் ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: சிகரெட் என்ன செய்யும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நெடுங்காலம் புகைப்பவர்களில் பாதிப் பேரையாவது அது கொல்கிறது. அந்த ஆபத்தில் ஏற்கெனவே இருப்பவருக்கு, வேப் நல்லதா என்பதைவிட, அடுத்த சிகரெட்டோடு ஒப்பிட்டால் எப்படி என்பதே பொருத்தமான கேள்வி. 2019-இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் 2,800-க்கு மேற்பட்டோர் வேப்பால் வந்த நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். அதற்குப் பெரும்பாலும் காரணமானது கஞ்சாச் சத்துத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். கட்டுப்பாடில்லாத சந்தையில் கிடைக்கும் எதையும் தொடக் கூடாது என்பதே அதன் பாடம்.

இன்னொரு மறுப்பு இளைஞர்களைப் பற்றியது, அது மிக வலுவானது. புகைக்காதவர், அதிலும் பள்ளி, கல்லூரி வயதினர் இதை எடுப்பதில் எந்த நன்மையும் இல்லை, கெடுதல் மட்டுமே உண்டு. பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களின் விற்பனையைத் தடைசெய்ததற்கு, குப்பைப் பிரச்சினையோடு இந்தக் கவலையும் காரணம். நான் இங்கே சொன்ன எதுவும் புகைக்காதவருக்குப் பொருந்தாது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்த வழி திறந்தே இல்லை. தமிழ்நாடு 2018-லும், நாடு முழுவதுக்குமான சட்டம் 2019-லும் இ-சிகரெட்டைத் தடைசெய்தன. விற்றாலோ இறக்குமதி செய்தாலோ முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆகவே லண்டனிலிருந்து சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புபவர்கள் கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பயண நாட்களுக்குப் பேட்ச் எடுத்துச்செல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் கள்ளச் சந்தை வேப்பைத் தேட வேண்டாம். நிக்கோடின் சூயிங்கம், பேட்ச், மருத்துவர் எழுதித் தரும் வாரெனிக்லின் ஆகியவை சட்டப்படியே கிடைக்கின்றன. 1800-11-2356 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனையும் உண்டு. எந்தத் துணையை எடுத்தாலும் விதி ஒன்றுதான். இந்த மாதத்துக்குள் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் ஒரு சிகரெட்டும் வேண்டாம்.