குறட்டை நல்ல நித்திரையின் அடையாளமா?

குறட்டை விடுபவரைப் பார்த்து, “களைத்த மனுஷன், நல்ல நித்திரை” என்று நாம் சொல்வதுண்டு. எல்லா வேளையிலும் அது சரியல்ல.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மூச்சுப் போகும் வழி ஒடுங்கி, உள்நாக்கும் அதைச் சுற்றிய மென்மையான தசையும் அதிர்வதால் எழும் சத்தமே குறட்டை. தடிமன் பிடித்த நாட்களில் வருவது தானாகவே போய்விடும். ஆனால் சிலருக்கு அந்த வழி முற்றாக அடைபட்டு, 10 விநாடிக்கு மேலும் மூச்சு நின்றுவிடுகிறது. பின்னர் திணறலோடு ஒரு பெரிய மூச்சு. கடுமையானவர்களுக்கு ஒரே இரவில் இது நூறு தடவைக்கு மேல் நடக்கும். ஒவ்வொரு தடவையும் மூளை அரைகுறையாக விழிக்கிறது. காலையில் அவருக்கு எதுவும் ஞாபகமிராது. தலையிடியும் எரிச்சலும் பகல் தூக்கமுமே மிஞ்சும். காலப்போக்கில் இரத்த அழுத்தம் ஏறி, இருதய நோய்க்கும் பாரிசவாதத்துக்கும் இடமுண்டாகும். இப்படிப்பட்டவர் உழவு இயந்திரத்தில் கண்ணயர்ந்தால் என்னவாகும்?

1990களில் மடு முகாமிலும், 2007 செப்டம்பரில் முள்ளிக்குளத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பின்னர் மலங்காட்டில் போட்ட கொட்டில்களிலும், நெருக்கமாகவே படுக்க வேண்டியிருந்தது. அத்தகைய இடத்தில் ஒருவரின் குறட்டை எல்லோரையும் எழுப்பும். சிரிப்பும் வரும், சண்டையும் வரும். சத்தம் திடீரென நின்றால் “அப்பாடா” என்கிறோம். உண்மையில் கவனிக்க வேண்டியது அந்த அமைதியைத்தான்.

நாம் அதிகம் அஞ்சுவது வேறொன்றை. காணியையும் வீட்டையும் இழந்த கவலையில் நித்திரை வராமல் சிலர் குளிசை போடுகிறார்கள், சிலர் கசிப்பை நாடுகிறார்கள். இரண்டுமே தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி, மூச்சு நிற்பதைக் கூட்டக்கூடியவை. குளிசையை நெடுநாள் எடுப்பவர் திடீரென நிறுத்தவும் கூடாது. வைத்தியரிடம் சொல்லியே குறைக்க வேண்டும்.

மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பதும், உடல் பருத்தவர் எடையைக் குறைப்பதும் பலருக்கு உதவும். பிள்ளைகள் தினமும் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டால் தொண்டைச் சதை வீங்கியிருக்கலாம், காட்டத்தான் வேண்டும். கடுமையான நோய்க்கு, முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் கருவியை 1981இல் அவுஸ்திரேலியாவின் கொலின் சல்லிவன் அறிமுகப்படுத்தினார், விலை அதிகம்தான்.

மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மனைவியையும் கூட்டிச் செல்லுங்கள். மூச்சு எத்தனை தடவை நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.