வித்தா, வாய்க்காலா?

ஜேடர்பாளையத்துப் படுகை அணைக்கு அருகே ஒரு வீட்டுத் திண்ணையில், சென்ற தை மாதம் நடந்த சம்பந்தப் பேச்சு ஒன்றில், இரு வீட்டாருக்கும் வைத்தியன் என்ற முறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். பையன் வெல்ல ஆலையில் கணக்கெழுதுபவன், பீடியைக்கூடத் தொட்டறியாதவன், ஜாதகமும் பொருந்தியிருந்தது. வெற்றிலைத் தட்டை நகர்த்தப்போகும் சமயத்தில் பெண்ணின் பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏனுங்க டாக்டரு, பையனோட அப்பன் குடிச்சே செத்தவனாமா. வெத ஒண்ணு போட்டா சொரை ஒண்ணா மொளைக்கும்?" என்றார். சபை தலையை ஆட்டிற்று, சம்பந்தம் முறிந்தது. இந்தத் தீர்ப்பு வழங்கப்பட்ட அதே வேளையில், அப்பெரியவரின் பத்து வயதுப் பேரன், கொல்லையில் குழுமியிருந்த மாமன்மாருக்காகச் சோடாப் புட்டிகளை இரு கையிலும் தூக்கிக்கொண்டு சந்து வழியாக ஓடியதை நான் ஒருவன்தான் கவனித்தேன் போலும்.

"குடி ரத்தத்தில் ஓடுகிறது" என்னும் வாக்கியத்தை முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. பள்ளிக்கூடம் போகாதவர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். பட்டதாரிகள் 'ஜீன்' என்ற சொல்லையும் ஒட்டவைத்துக்கொண்டு சாஸ்திரம் போலச் சொல்வதைத்தான் சகிக்க முடியவில்லை.

அதில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டென்மார்க்கில், குடிநோயாளிகளுக்குப் பிறந்து, சிசுப் பருவத்திலேயே சுவீகாரம் போய், வேறு வீட்டில் வளர்ந்த 55 ஆண்களை டொனால்டு குட்வின் என்னும் மனநோய் மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1973இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் குடிநோயாளிகளாயினர். அவ்வாறு பிறவாத சுவீகாரப் புத்திரர்களிலோ நூற்றுக்கு ஐந்து பேரே. வம்சத்துக்குச் செல்வாக்கு உண்டு என்பது இதனால் விளங்குகிறது. ஆனால் நம்மவர்கள் பதினெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, குடிகாரத் தகப்பனுக்குப் பிறந்தும் அந்த வழியில் போகாத மற்ற எண்பத்திரண்டு பேரை வாய்க்காலில் தள்ளிவிடுகிறார்களே, அதற்கு என்ன சமாதானம்? இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள் பாரம்பரியத்தின் பங்கு ஏறத்தாழப் பாதி என்கிறார்கள். அந்தப் பாதி, ஜனசமூகத்தில் மனிதனுக்கு மனிதன் காணப்படும் வேற்றுமையைப் பற்றிய கணக்கேயன்றி, ஒருவனுடைய தலையெழுத்தைப் பற்றியதன்று.

இன்னொன்று கேட்கிறேன். தகப்பனுடைய வித்து மகனுக்கு மட்டுமா போகிறது? மகளுக்கும் அதே பாதிதானே போகிறது! நம் தமிழ்நாட்டில் மது அருந்தும் பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்றும், ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அருந்துகிறார் என்றும் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. ஒரே தகப்பன், ஒரே ரத்தம். அண்ணன் கடைவாசலில், தங்கை அடுப்படியில். அவளைத் தடுத்தது உதிரமா, ஊரா?

விவசாயிகளுக்கு நான் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. கொடிக்காலில் வெற்றிலையை விதை போட்டா வளர்க்கிறோம்? தாய்க் கொடியைக் கணுவோடு நறுக்கி நடுகிறோம். கரும்பையும் கரணையாகவே நடுகிறோம். ஒரே கொடியில் வெட்டியவை அத்தனையும் ஒரே ரத்தமுள்ள இரட்டையர்கள்தாம். ராஜவாய்க்கால் பாயும் வயலில் நட்ட கரணையும், உவர்க் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த மேட்டுக்காட்டில் நட்ட அதே கரணையும் ஒரே வெல்லத்தையா கொடுக்கின்றன? கொப்பரையைப் பார்த்தே எந்தக் காட்டுக் கரும்பு என்று சொல்லிவிடும் பெரியப்பா, பெண் கொடுக்கும்போது மட்டும் மண்ணையும் தண்ணீரையும் மறந்துவிடுகிறார்.

அவர் மறந்தது இன்னொன்றும் உண்டு. நாமக்கல் மாவட்டம் 1997இல் பிரியும் வரை இந்தப் பிரதேசம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் இருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்திய ராஜாஜி, மாகாணப் பிரதம மந்திரியானதும், 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக இந்த ஜில்லாவில்தான் மதுவிலக்கை அமல்படுத்தினார். அக்கரை அன்று கோயமுத்தூர் ஜில்லா. சட்டம் காவிரியைத் தாண்டவில்லை. சென்னை சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் இங்கே விசாரணை நடத்தி, குடித்துவந்த கூலிக் குடும்பங்களில் சாப்பாடும் துணிமணியும் மேம்பட்டதாக எழுதினார். கள்ளச் சாராயம் காய்ச்சியவர்களும் இருந்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆயினும், கடை மூடிய ஓராண்டுக்குள் சேலம் ஜில்லாவில் ரத்தம் மாறிப்போயிற்று என்று வாதிக்க எந்தப் பட்டதாரி முன்வருவார்?

வம்சம் வேலை செய்யும் விதத்தையாவது சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். குடிநோயாளிகளின் புதல்வர்களை நெடுநாள் ஆராய்ந்த மார்க் ஷூக்கிட் என்னும் அமெரிக்க மருத்துவர், அவர்களில் பலருக்கு மற்றவர்களை மயக்கும் அளவு மது உள்ளே போனாலும் போதை குறைவாகவே தெரிகிறது என்று கண்டார். "எத்தனை ஊத்துனாலும் எங்க மாப்பிள்ளை தள்ளாட மாட்டான்" என்று பந்தலில் மெச்சுகிறீர்களே, அந்த மாப்பிள்ளையைக் குறித்துத்தான் கவலைப்பட வேண்டும். போதும் என்று சொல்லும் மணி அவனுக்குள் அடிப்பதில்லை.

சில்லறை நம்பிக்கைகளுக்கு அதிக இடம் கொடுக்கப்போவதில்லை. பீர் உடம்புக்குக் குளிர்ச்சியன்று; அதிலும் சாராயச் சத்துதான் உள்ளது. சளி பிடித்த குழந்தைக்குப் பிராந்தி புகட்டுவது குற்றம். குழம்பில் ரகசியமாகப் பொடி கலந்து குடியை நிறுத்துகிறேன் என்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள். அப்பொடியில் சேரும் சில மருந்துகள், தெரியாமல் குடிப்பவனின் உயிருக்கே உலை வைக்கும். ஆனால் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் விடுவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: பல வருஷம் நாள்தோறும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பும், மூன்றாம் நாள்வாக்கில் சித்தப்பிரமையும் காணலாம். அது சாமி குத்தமன்று. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய வியாதி. கயிற்றைக் கட்டுங்கள், ஆஸ்பத்திரிப் படுக்கையில் வைத்துக் கட்டுங்கள்.

என் பழைய புலம்பலையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை ஆசிரியர் வெட்டினால் வெட்டட்டும். மதுக்கடை பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. நான் அறிந்த கிராமத்து நூல் நிலையமோ, கரும்பு வெட்டிவிட்டு இளைஞர்கள் கைகால் கழுவும் நேரத்துக்கு முன்னமே பூட்டப்படுகிறது. இரவு பத்து மணி வரை விளக்கெரியும் ஒரு வாசகசாலையும், அதன் முற்றத்தில் ஒரு கைப்பந்து வலையும் ஊருக்கு ஊர் வேண்டும் என்று நான் எழுதிய மனுக்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரு தலையணை ஆகும்.

அந்தப் பையன் இன்னும் ஆலையில் கணக்கெழுதிக்கொண்டுதான் இருக்கிறான். போன வாரம் இரவு ஏழு மணிக்கு அவ்வழியே வந்தபோது, சைக்கிளை ஓட்டுச் சார்ப்பில் சாய்த்துவிட்டு, கொப்பரைப் புகைக்கு நடுவே மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். அதே சாலையில், பெரியப்பாவின் பேரன் மறுபடியும் சோடாப் புட்டிகளோடு எதிரே வந்தான், இம்முறை நான்கு.