மும்பைக்குப் புறப்படும் மகனுக்கு



பிழைப்புத் தேடி மும்பைக்குச் செல்பவருக்கு முதலில் தலைசாய்க்க இடம் தருவோர் ஊர்க்காரர்களே என்பது, அந்நகரில் 1850களில் பஞ்சாலைகள் தோன்றிய காலந்தொட்டு நிலவும் வழக்கம். கொங்கணத்திலிருந்து தனியாக வந்த ஆலைத் தொழிலாளர், சால் எனப்படும் வரிசை அறைக் குடியிருப்புகளில் ஓர் அறையைக் கூட்டாக வாடகைக்கு எடுத்து, ஷிப்டுக்கு ஏற்ப முறைவைத்து உறங்கினர். கோவாவினர் 'கூட்' என்னும் ஊர்ச்சங்க விடுதிகளை அமைத்து, கப்பல் வேலைக்குக் காத்திருந்த தம் ஊராரைத் தங்கவைத்தனர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தோல் பதனிடுவோர், உறவினரை ஒருவர் பின் ஒருவராக வரவழைத்துத் தாராவியில் வேரூன்றினர். தொழிலாளருக்குச் சமைத்துப் போட்ட 'கானாவள்' பெண்களும், வட்டிக்காரரின் பிடியிலிருந்து மீள 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்னும் அமைப்பாகத் திரண்டு வங்கிக் கடன் பெற்றனர்.

இத்தகைய துணை அரியதே ஆயினும், ஊர், சாதி, உறவு என்னும் வட்டத்துக்கு வெளியே இருப்பவருக்கு அது எளிதில் எட்டுவதில்லை. வாய்ச்சொல்லை நம்பி நடப்பதால், குடியிருப்பு இடிக்கப்படும் நாளில் அங்கு வாழ்ந்ததற்கான சான்றையும் அது தருவதில்லை. சேலத்திலிருந்து 1961இல் சென்று நடைபாதையில் வாழ்ந்த ஒருவர் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், வாழ்வுரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தபோதிலும், நடைபாதைக் குடிசைகளை அகற்றுவதை அது தடுக்கவில்லை. 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கே மாற்றிடம் தரப் பணித்தது. குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டத்திலும், 2000 ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்ததை ஆவணத்தால் நிறுவுவோருக்கே இலவச வீடு உரியதாகிறது.

ஆகவே நகருக்குப் புதிதாகச் செல்லும் இளைஞர், ஊர்க்காரர் காட்டும் அறையில் நன்றியோடு தங்குவதுடன், வாடகைக்கும் முன்பணத்துக்கும் ரசீது கேட்டுப் பெறுவதும், குடியிருப்பு ஒப்பந்தத்தை எழுத்தில் பதிவு செய்வது வீட்டு உரிமையாளரின் கடமை என்று மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 கூறுவதை அறிந்து அதை வலியுறுத்துவதும், அடையாள ஆவணங்களில் புதிய முகவரியைச் சேர்ப்பதும் இன்றியமையாதவை. அவ்வாறே, ஊர்ச்சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர், பின்னால் வருபவர் எந்த ஊரார், எந்தச் சாதியார் என்று பாராமல் அவருக்கும் இவ்வழிகளைச் சொல்லித் தருவாராக.

இப்படிக்கு,
பெரியப்பா